மான்டோவானி கேட்டால் என்ன குறைச்சல்?

ஜூன் 3

கேள்வி இது, வந்தபடியே: “ராஜா சாரின் ஒரு இடையிசைக்கு நாலு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். நீங்கள் போய் மான்டோவானி, பெர்சி ஃபெய்த், ரே கானிஃப் என்று வெளிநாட்டு வாத்தியக் குழுக்காரர்களின் 1950களின் லிஃப்ட் இசையை, லிஃப்டிலும் வரவேற்பறையிலும் மெல்ல ஓடுமே அந்த இசையை, கேட்கிறேன் என்கிறீர்கள். நாற்பது பேரை உட்காரவைத்துச் சர்க்கரைப் பாகு காய்ச்சியிருக்கிறார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?”

நீங்கள் பாகு காய்ச்சியிருக்கிறீர்களா? கம்பிப் பதம் கொஞ்சம் தப்பினால் மைசூர்பாகை உடைக்கச் சுத்தியல் வேண்டும். மீதி நாளை.

ஜூன் 4

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். இந்த இசை எனக்கு அறிமுகமானது பல் டாக்டரிடம். திருச்சி, 1987. வரவேற்பறை மேஜையில் ஒரு டூ-இன்-ஒன், அதில் எந்நேரமும் ஒரே கேசட். கதவுக்கு அந்தப் பக்கம் ட்ரில் சத்தம், இந்தப் பக்கம் வயலின்கள். என் முறை வரும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வயலின் கூட்டம் உச்சியிலிருந்து படிப்படியாக வழிந்து இறங்கும். ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது அதன் தோளில் ஏறிக்கொள்ளும். கச்சேரியிலும் சினிமாவிலும் அதுவரை நான் கேட்ட எந்த வயலினும் அப்படிச் செய்ததில்லை. அந்த டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டார், அது வேறு கதை.

பாட்டின் பெயர் தெரியப் பல வருஷம் ஆனது. ‘சார்மெய்ன்’. 1951இல் லண்டனில் மான்டோவானி டெக்கா கம்பெனிக்காகப் பதிவு செய்தது. அவர் போட்ட மெட்டுகளிலேயே சிறந்தது இதுதான் என்பேன். பெரிய எதிரொலி அறையில் ஒலியைச் சுழலவிட்டுப் பிடித்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த வழிதல்.

ஜூன் 4, நள்ளிரவு

மெட்டு அவருடையது இல்லை. 1926இல் ஒரு ஹாலிவுட் மௌனப் படத்துக்காக எர்னோ ராப்பேயும் லூ பொல்லாக்கும் எழுதியது. திருத்தியவருக்கு நன்றி. “அடிப்படையே தெரியாமல்” என்று அவர் சேர்த்ததை மட்டும் விட்டிருக்கலாம்.

ஜூன் 6

எதிரொலி அறை என்று எழுதியதும் தப்பு. ஒரே பத்தியில் இரண்டு. பல் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த வழிதல் காகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் ரொனால்ட் பிஞ்ச். 1910இல் இங்கிலாந்தில் டார்பி என்ற ஊரில் பிறந்தவர், இளமையில் சினிமாக் கொட்டகையில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர், மான்டோவானிக்கு அரேஞ்சர், அதாவது ஒரு மெட்டை எந்த வாத்தியம் எப்போது எப்படி வாசிப்பது என்று எழுதித் தருகிறவர். அவர் செய்த வித்தை இதுதான். வயலின்களை நாலு கூட்டமாகப் பிரித்துக்கொண்டார். மெட்டு ஸ ரி க ப என்று போகிறதென்றால் எந்தக் கூட்டமும் முழு மெட்டை வாசிக்காது. முதல் கூட்டம் ஸ-வைப் பிடித்து அங்கேயே நிற்கும். இரண்டாவது ரி-யில் நுழையும், அதுவும் விடாது. மூன்றாவது க. நாலாவது ப. அதற்குள் முதல் கூட்டம் ஸ-வை விட்டுவிட்டு ஐந்தாவது ஸ்வரத்துக்குத் தயாராக வந்திருக்கும். கேட்கிறவர் காதில் மெட்டும் விழும், தாண்டிப்போன ஸ்வரத்தின் வாலும் விழும். கோயில் கல் மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தால் தூணுக்குத் தூண் ஒலி தங்குமே, அதுதான். மண்டபம் மட்டும் இல்லை.

வெனிஸ் நகரத்து சான் மார்க்கோ தேவாலயத்தில் பழைய காலத்து இசையமைப்பாளர் மான்டிவெர்டியின் இசை எப்படி எதிரொலித்திருக்கும் என்று யோசித்துத்தான் பிஞ்ச் இதைச் செய்தார் என்பார்கள். மான்டோவானி பிறந்த ஊரும் வெனிஸ். இந்தப் பொருத்தத்தை நான் கதையில் எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.

எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அந்தக் குழுவில் ஒரு வயலின்காரர் தன் நோட்டுத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துப் பார்த்தால் அது என்ன பாட்டு என்று அவர் மனைவிக்கே தெரியாது. இங்கே ஒரு ஸ்வரம், நீண்ட இழுப்பு, அப்புறம் அங்கே ஒன்று. பாட்டு யார் கையிலும் இல்லை. நாலு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது உண்டாகும்.

ஜூன் 7

“அப்படியானால் மான்டோவானி என்னதான் செய்தார்?” என்று ஒருவர். நியாயமான கேள்வி. அந்த ஒலியை உலகம் ‘மான்டோவானி சவுண்ட்’ என்றுதான் சொன்னது, பிஞ்ச் சவுண்ட் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவரும் சும்மா குச்சி ஆட்டியவர் இல்லை. அப்பா மிலானின் லா ஸ்கலா ஆப்பரா அரங்கில் பேர்பெற்ற இசை நடத்துநர் டோஸ்கனினியின் கீழ் முதல் வயலின். மகனும் வயலின்காரர். இந்த வழிதலில் ஒரு கூட்டம் இம்மி பிந்தினாலும் கஞ்சி கொட்டின மாதிரி ஆகிவிடும். அவருடைய பதிவுகளில் அது நடப்பதில்லை.

ஜூன் 9

சரி, நீளமாகப் போகிறது, பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம்.

எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வயலின் வகுப்பு நடக்கிறது. வாத்தியாரிடம் பிஞ்ச் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அறுபது வயது, கச்சேரிக்காரர், சினிமா ரெக்கார்டிங்கிலும் சில வருஷம் உட்கார்ந்தவர். “பண்ணிப் பாத்துருவமே” என்றார். நாலு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். ஆளுக்கு ஒரு ஸ்வரம், அடுத்த முறை வரும்வரை வில்லை எடுக்கக்கூடாது.

முதலில் அவர்களுக்குத் தெரிந்தது சரளி வரிசை. ஸ ரி க ம. மாயாமாளவகௌளை. முதல் பையன் ஸ பிடித்தான், இரண்டாவது பெண் ரி-யில் நுழைந்தாள். அவ்வளவுதான். சுத்த ரிஷபம் ஸ-வுக்கு ஒட்டின வீட்டுக்காரர், இரண்டும் சேர்ந்து நின்றதும் காதில் எறும்பு புகுந்த மாதிரி இருந்தது. க-வும் ம-வும் மோதியபோது கடைசிப் பையன் சிரித்து வில்லைக் கீழே போட்டுவிட்டான்.

வாத்தியார் யோசித்தார். “மோகனத்துக்குப் போ.” ஸ ரி க ப த. அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே தாராளமான இடம். இந்தத் தடவை முதல் நாலு ஸ்வரம் வந்தபோது அறை கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது. கூரைக்கு மேலே இன்னொரு கூரை. இரண்டாம் சுற்றில் அந்தப் பெண் பழக்கதோஷத்தில் க-வை லேசாக அசைத்தாள். உடனே எல்லாம் கலங்கிவிட்டது. வாத்தியார் “ஆட்டாதேம்மா, நேரா நில்லு” என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். முப்பது வருஷமாக அவர் தினமும் சொல்வது இதற்கு நேர் எதிர்.

இதில் எனக்குப் புரிந்தது. நம் காது ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே போய்வருகிற அசைவைத் தேடிப் பழகியது. பிஞ்சின் ஸ்வரங்களோ ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நிற்கின்றன, அசைவெல்லாம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில். பல் டாக்டரிடம் நான் கேட்ட புதுமை இதுதான் போலிருக்கிறது.

ஜூன் 10

அந்தக் கடைசிப் பையன் மாடிப்படியில் இறங்கும்போது கேட்டது: “அங்கிள், ஒரு ஆளே வாசிச்சிட்டு எக்கோ பட்டன் போட்டா வராதா?” வரும் ராஜா.

ஜூன் 13

பெர்சி ஃபெய்த். இவரை மான்டோவானியோடு ஒரே பையில் போடுகிறார்கள், எனக்குச் சம்மதம் இல்லை. டொராண்டோக்காரர். மேடைப் பியானோவுக்கு வளர்க்கப்பட்ட பையன், பதின்வயதில் தீயில் கைகள் வெந்துபோயின. அதன்பிறகுதான் அரேஞ்ச் செய்வதில் இறங்கினார். விரல் போனபின் நாற்பது பேரின் விரலால் வாசித்தார் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அது பட்டிமன்றப் பேச்சு, வேண்டாம்.

‘சம்மர் ப்ளேஸ்’ படத்துக்கு மாக்ஸ் ஸ்டைனர் போட்ட மெட்டை ஃபெய்த் எடுத்து வாசித்தார். 1960இல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். பாட்டே இல்லாத, வார்த்தையே இல்லாத ஒரு இசைத்தட்டு! கேள்வி கேட்டவர் இது கிழவர்களின் இசை என்றார். கிழவர்கள் மட்டும் வாங்கினால் ஒன்பது வாரம் நிற்காது. வயலினை மறந்துவிட்டு அடியில் ஓடுவதைக் கேளுங்கள். தகிட தகிட தகிட தகிட. அந்தக் காலத்துப் பதின்வயதுக்காரர்கள் கட்டிப்பிடித்து மெதுவாக ஆடிய ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் ஓடும் அதே திஸ்ரம். பட்டுப் புடவைக்குள் ஜீன்ஸ்.

இதையே பின்னாளில் ஃபெய்த் ‘சம்மர் ப்ளேஸ் ’76’ என்று டிஸ்கோவாக்கினார். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பெரியவர்கள் செய்வதில் சிலதைக் கண்டுகொள்ளக்கூடாது.

ஜூன் 14

“ராக் வந்தது, இதையெல்லாம் கொன்றது” என்ற வரலாறு மறுபடி மறுபடி வருகிறது. அதற்கு ஒரு இடறல்: 1961இல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸை ரெக்கார்டிங்கில் உட்காரவைத்து டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்கச் சொன்னவர் பெர்ட் கெம்ப்ஃபெர்ட், ஜெர்மன்காரர், இதே ரக வாத்தியக் குழு நடத்தியவர். அந்த வருஷ ஜனவரியில்தான் அவருடைய சொந்த வாத்தியத் தட்டு ஒன்று அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. கொல்ல வந்தவனுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டது ஈஸி லிசனிங்காரர்தான் (இந்த வகை மெல்லிசைக்குக் கடையில் அதுதான் பெயர்).

ஜூன் 15

லிஃப்ட் இசை, லிஃப்ட் இசை என்று பத்துப் பேர் சொல்லிவிட்டீர்கள். சரி, பேசிவிடலாம்.

நீங்கள் சொல்வது மியூஸாக். அது ஒரு கம்பெனியின் பெயர். அமெரிக்க ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் ஸ்குவயர், கம்பி வழியாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் இசை அனுப்பும் யோசனையைக் கொண்டுவந்தார். 1934இல் ‘மியூசிக்’கையும் ‘கோடாக்’கையும் ஒட்டி இந்தப் பெயரை வைத்தார், அதே வருஷம் காலமாகிவிட்டார். தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் அவர்கள் அனுப்பியதற்கு ஒரு கணக்கு இருந்தது. கால் மணி நேர இசை, பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுறுசுறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும், அப்புறம் கால் மணி மௌனம். ஆள் சோர்ந்துபோகாமல் வேலை வாங்க.

மான்டோவானியின் எல்.பி. வாங்கியவர் காசு கொடுத்து, உறையைப் பிரித்து, ஊசியைத் தானே வைத்துக் கேட்டவர். வேலை செய்வதற்காகக் கேட்கவில்லை, வேலை முடிந்து வந்து கேட்டார். எல்.பி. 1948இல் வருவதற்கு முன்னால் நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டு ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடத்தில் தீர்ந்துவிடும், எழுந்து போய்த் திருப்பவேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம் என்றான பிறகுதான் சாப்பிடக் கேட்கும் இசை, படிக்கக் கேட்கும் இசை என்று தலைப்பு போட்ட தட்டுகளெல்லாம் விற்றன. ஜாக்கி கிளீசன் என்ற நகைச்சுவை நடிகர், நோட்டு வாசிக்கவே தெரியாதவர், 1952இல் காதலர்களுக்கு மட்டும் என்று ஒரு தட்டு போட்டு நன்றாகச் சம்பாதித்தார். ஊரே சோபாவில் சாய்ந்திருந்த காலம்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் எனக்கே ஒரு உறுத்தல். காசு கொடுத்து வாங்கியதால் உயர்ந்ததாகிவிடுமா? நான் முதலில் கேட்டது வரவேற்பறையில், காசு கொடுக்காமல், கேட்க விரும்பாமல். அது மியூஸாக் வகைக் கேட்பேதான். அப்படிக் கேட்டதுதான் முப்பத்தைந்து வருஷம் மனதில் நின்றிருக்கிறது. இந்த வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். கிளீசன் பற்றிய தகவலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 19

“உலகம் எரியும்போது ஏர் கண்டிஷன் போட்டுக்கொண்டு கேட்ட இசை” என்று ஒரு தோழர். இது கனமான குற்றச்சாட்டு. அவர் பக்கம் ஆதாரமும் இருக்கிறது: 1968 ஜனவரி கடைசியில் வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கியது. பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது பிரெஞ்சுக்காரர் பால் மோரியாவின் ‘லவ் இஸ் ப்ளூ’. ஐந்து வாரம் இறங்கவில்லை. முந்தின வருஷம் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நாலாவது இடம் பெற்ற பாட்டு, ஆந்த்ரே பாப் மெட்டு. இரவு டி.வி.யில் வியட்நாமின் சைகான் நகரத்துச் சண்டை, காலை ரேடியோவில் ஹார்ப்சிகார்ட்.

மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. 1972 ஜனவரி, வெள்ளை மாளிகை. ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையின் ஐம்பதாம் ஆண்டு விருந்து. பாட வந்தவர்கள் ரே கானிஃப் குழுவினர். ட்ரம்பெட்டோடு பெண்குரலும் டிராம்போனோடு ஆண்குரலும் சேர்த்து, வார்த்தையே இல்லாமல் ‘டா டா டா’ பாடவைத்துப் பேர் வாங்கியவர் கானிஃப். நிக்ஸனுக்கு இந்த மாதிரிப் பழைய பாணிதான் பிடிக்கும், மேடையில் அதைச் சொல்லியும் காட்டினார். பாட்டு தொடங்குமுன் குழுவில் ஒரு பாடகி உடைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். கொலையை நிறுத்து என்று எழுதியிருந்தது. குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லி ஜனாதிபதியின் முகத்துக்கு நேராகப் பேசினார். பேசிவிட்டு முதல் பாட்டையும் மற்றவர்களோடு சேர்ந்து பாடினார். விருந்தினர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் வெளியே போகச் சொன்னார்கள்.

அந்த முதல் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். துணியை மடித்துவிட்டு, சுருதி விலகாமல் பாடியிருப்பாரா?

ஜூன் 20

தோழர் பதில்: “நல்ல கதை. அதனால் கானிஃப் நல்ல இசையாகிவிடாது.” உண்மை. கானிஃபின் ‘டா டா டா’ எனக்கும் மூன்றாவது பாட்டுக்கு மேல் தாங்காது. வாயில் வெல்லம் கரைகிற வரைக்கும் சரி.

ஜூன் 22

“தவளைச் சத்தத்திலிருந்து ஒரு இசை வகையே பிறந்ததாமே?” என்று கேட்டவருக்கு: ஆமாம், நிஜம். மார்ட்டின் டென்னி என்ற பியானோக்காரர் ஹவாய்த் தீவின் ஹொனலுலுவில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும்போது பக்கத்துக் குளத்துத் தவளைகள் கத்தின. வேடிக்கைக்காகக் குழுவினர் பறவைக் குரல் எழுப்பினார்கள். மறுநாள் ஒருவர் வந்து ‘அந்தப் பறவையோடு வாசிப்பீர்களே, அது’ என்று கேட்டாராம். அதிலிருந்து எக்ஸோட்டிகா என்று ஒரு கிளையே கிளம்பிற்று. வெப்பநாட்டுக் காட்டை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். நமக்கு ஐப்பசியில் இலவசம்.

ஜூன் 25

கேள்வி கேட்டவர் மூன்று வாரத்துக்குப் பிறகு மறுபடி வந்திருக்கிறார். “இவ்வளவு எழுதினீர்களே, கடைசியாக ஒரு முழுத் தட்டைத் தூங்காமல் எப்போது கேட்டீர்கள்?”

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. ‘சார்மெய்ன்’ தொடங்கும், முதல் இறக்கம் வரும், அந்த இடத்தில் கழுத்துக்குப் பின்னால் ஒரு சிலிர்ப்பு. மூன்றாவது பாட்டில் கண் சொக்கிவிடும். நேற்று வேண்டுமென்றே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். நாலாவது பாட்டிலிருந்து எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருந்தது. அரேஞ்சரின் கெட்டிக்காரத்தனம் எல்லாமே என்னைக் கவனிக்க விடாமல் செய்யத்தான் செலவாகிறது, நானோ மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கவனித்துத் தீருவேன் என்கிறேன். ராஜா சாரின் இடையிசை என்னைத் தூங்கவிடாது. இது எழுந்திருக்கவிடாது. இரண்டுக்கும் ஒரே வயலின்தான், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை ஆட்கள்.

நம் ஊர் சினிமா வயலின் கூட்டத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டவருக்கு, வாத்தியாரைத்தான் விசாரித்தேன். “ராமமூர்த்தி அய்யாவே வயலின்காரர், அவருக்கு வெள்ளைக்காரன் சொல்லித்தரணுமா?” என்று முடித்துவிட்டார். விஸ்வநாதன்-ராமமூர்த்தியில் பாதி பற்றிப் பேசுகிறார். நான் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 29

தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தாராம், பேசவில்லை. பிஞ்ச் என்ற பெயரைப் பார்த்ததும் பேசத் தோன்றியதாம்.

செகண்ட் ஆபீசருக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச். குளிர்காலத்தில் இங்கிலீஷ் கால்வாயில் போகும்போது பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், இருட்டு, ரேடார் வெளிச்சம் மட்டும். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிபிசி ரேடியோ 4இல் கடல் வானிலை வரும். அதற்கு முன்பு ஒரு மெட்டு போடுவார்கள். மெதுவான மூன்று தட்டு, ஊஞ்சல் மாதிரி. ‘செய்லிங் பை’. ரொனால்ட் பிஞ்ச் 1963இல் எழுதியது. வானிலை சரியான நிமிடத்தில் தொடங்கவேண்டும் என்பதால் நடுவில் மிச்சமிருக்கும் நேரத்தை இது நிரப்பும். மாலுமிகள் ரேடியோவைத் திருகித் திருகி அலைவரிசையைத் தேடும்போது சரியான இடம்தான் என்று இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். “அதுக்கு மேல நான் அதை இசையா கேட்டதில்ல சார்,” என்று எழுதுகிறார். “அது வந்தா கையில பென்சில் எடுத்துக்குவேன்.”

ஜூலை 1

இப்போது அங்கே கோடைக்கால நேரம். அவர்களுடைய இரவு ஒரு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் என்றால் நமக்குக் காலை ஐந்தே கால் தாண்டி. இன்று அந்த ரேடியோவைப் போனில் போட்டேன். பில்டரில் டிகாஷன் சொட்டிக்கொண்டிருந்தது, வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம். மெட்டு இரண்டு தடவை சுற்றியது, பாதியிலேயே மெல்லக் கரைந்தது. அப்புறம் ஒரு குரல் நிதானமாகக் கடல்களின் பெயரைப் படிக்க ஆரம்பித்தது. ஹம்பர், தேம்ஸ், டோவர், வைட், போர்ட்லண்ட், பிளிமத்.

வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். “இதுல நம்ம ஊருக்கு மழை உண்டான்னு சொல்லுவாங்களா?”